பெண்கள் அலமாரியா, பையன்கள் சுவரா?

மும்பை மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் ரயில் பிடித்து சிஎஸ்எம்டி நிலையத்தில் இறங்கி, சுரங்கப்பாதையில் நுழைந்து வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் தோபி தலாவ். மெட்ரோ சினிமாவை ஒட்டிய தெருக்களில் விளையாட்டுப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. போன சனிக்கிழமை அண்ணனும் அண்ணன் மகளும் நானும் அங்கே மூன்று மணி நேரம் செலவழித்தோம். அவளுக்கு 13 வயது. ஒரு வருடமாக இரவல் மட்டையும் யாரோ ஒரு பையனின் பழைய கால்காப்பும் வைத்துக்கொண்டு கிரிக்கெட் வலைப்பயிற்சிக்குப் போய்வருகிறாள். மழை விட்டு மைதானம் காய்வதற்குள் சொந்தமாக ஒரு கிட் வாங்கித் தருவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

கடையின் இடது சுவர் முழுக்கக் கறுப்பு, நீலம், சிவப்பு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒற்றை அலமாரி. அதில் ரோஸ், கத்தரிப்பூ நிறம், கொஞ்சம் மயில்பச்சை. மேலே ‘லேடீஸ்’ என்று ஒட்டியிருந்தது. அவளுடைய பின்னலைப் பார்த்ததுமே கடைப் பையன் எங்களைக் கல்லாப் பக்கம் திருப்பிவிட்டான். நானோ வீட்டிலிருந்தே ஒரு தீர்மானத்தோடு கிளம்பியிருந்தேன்: ரோஸ் நிறத்தில் ஒரு நூல்கூட வாங்கக் கூடாது. கடையை விட்டு வெளியே வரும்போது அந்தத் தீர்மானத்தில் பாதிதான் மிஞ்சியிருந்தது.

மட்டையில் எனக்குக் குழப்பமே இல்லை. லேடீஸ் அலமாரியில் இருந்த மட்டையின் முகப்பில் ரோஸ் நிறத்தில் பூவும் கொடியும் ஓடின. இடது சுவரில் அதே கம்பெனியின் நீல ஸ்டிக்கர் மட்டை. இரண்டும் காஷ்மீர் வில்லோ மரம், இரண்டும் ஹாரோ என்ற அளவு. சிறுவர்களின் ஆறாம் நம்பருக்கும் பெரியவர்களின் ஷார்ட் ஹேண்டில் அளவுக்கும் இடைப்பட்டது. பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, ஸ்டிக்கரைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். தோள் வளைவு, விளிம்பின் தடிமன், கைப்பிடியின் பருமன் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. “பெண்களுக்கென்று லேசாகச் செய்தது” என்றான் பையன். தராசு கேட்டேன். பூப் போட்டது 1,070 கிராம், நீலம் 1,060. பூவுக்கு 250 ரூபாய் கூடுதல் விலை வேறு. இதையெல்லாம்விட எனக்கு உறுத்தியது இன்னொன்று. நீல மட்டைகள் இருபதுக்குக் குறையாமல் இருந்தன. மர ரேகை நேராக ஓடுகிறதா, தட்டினால் என்ன சத்தம் வருகிறது என்று பொறுக்கி எடுக்கலாம். பூ மட்டை மொத்தமே இரண்டு. இன்னும் உயர்தரமான இங்கிலீஷ் வில்லோ வேண்டுமென்றால் அந்த அலமாரியில் ஒன்றுகூடக் கிடையாது.

கிரிக்கெட் சட்டம் மட்டையில் ஆண், பெண் பார்ப்பதில்லை. நீளம் 96.52 சென்டிமீட்டரையும் அகலம் 10.8 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது, எல்லோருக்கும் அவ்வளவுதான். சட்டம் பிரித்து வைத்திருப்பது பந்தை. ஆண்கள் பந்து 155.9 முதல் 163 கிராம். பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம், சுற்றளவும் சற்றுக் குறைவு. அந்தப் பந்தும் அதே கடையில் இருந்தது. அதே சிவப்புத் தோல், அதே தையல். அதில் யாரும் பூ வரைந்திருக்கவில்லை.

ரோஸ் நிறத்தின் மேல் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ஐபிஎல்லில் ராஜஸ்தான் ராயல்ஸ் ஆண்கள் 2019 முதல் ரோஸ் சட்டையில்தான் ஆடுகிறார்கள். பகலிரவு டெஸ்டில் பந்தே ரோஸ். 2021இல் ஆஸ்திரேலியாவின் கராராவில் இந்திய வீராங்கனை ஸ்மிருதி மந்தனா 127 ரன் எடுத்தது அந்தப் பந்தில். விளக்கொளியில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பந்துக்கு அந்த நிறம் வந்தது. மட்டைக்கு எதற்காக வந்தது என்று கேட்டால் 250 ரூபாயைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை. நீலத்தை எடுத்தோம்.

கையுறையும் கால்காப்பும் வெறும் அளவு விஷயம். பையன்கள் சுவரிலேயே யூத் அளவில் விரலுக்கும் முட்டிக்கும் பொருந்தியதை எடுத்துவிட்டோம். ஐந்து நிமிட வேலை.

ஹெல்மெட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. லேடீஸ் அலமாரியில் இருந்தது கத்தரிப்பூ நிறம்; பின்பக்கம் கூந்தலுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். நல்ல யோசனைதான். உள்ளே திருப்பிப் பார்த்தேன், அளவைத் தவிர வேறு எந்த லேபிளும் இல்லை. பையன்கள் சுவரில் இருந்த கருநீல ஹெல்மெட்டுக்குள் பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தர எண்ணும், எந்தப் பந்தை வைத்துச் சோதித்தார்கள் என்ற குறிப்பும் இருந்தன. இந்தக் குறிப்பைப் பலர் பார்ப்பதில்லை. ஆண்கள் பந்தை வைத்து மட்டும் சோதித்தவை உண்டு, சிறுவர் பந்தை வைத்து மட்டும் சோதித்தவை உண்டு, இரண்டையும் வைத்துச் சோதித்தவையும் உண்டு. பெண்கள் பந்து அந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. அதனால் பெண்கள் இரண்டாலும் சோதித்த ஹெல்மெட்டையே வாங்க வேண்டும் என்பது இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் அறிவுரை. காரணம் எளிது: நெற்றி விளிம்புக்கும் முகக் கம்பிக்கும் நடுவே உள்ள சந்தில் பெரிய பந்து நுழையாது, சிறிய பந்து நுழைந்துவிடலாம். எங்கள் பெண்ணோ பையன்களோடு வலையில் பெரிய பந்தையும், பெண்கள் ஆட்டத்தில் சிறிய பந்தையும் சந்திக்கிறவள்.

கருநீலத்தில் இரண்டு பந்துக்கும் குறிப்பு இருந்தது. ஆனால் மாட்டிக்கொண்டபோது ஹெல்மெட் முன்னால் சரிந்து, விளிம்பு புருவத்தில் வந்து உட்கார்ந்தது. எண்ணெய் வைத்து இறுக்கி, உயரத்தில் தூக்கிப் பின்னிய பின்னல் பின்னாலிருந்து நெம்பியது. கடை ஸ்டூலில் அவளை உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்து, பிடரிக்குக் கீழே தாழ்வாகப் பின்னிவிட்டேன். அதன்பிறகு நேராக உட்கார்ந்தது. கூந்தலுக்கு இடைவெளியும் தர எண்ணும் ஒரே ஹெல்மெட்டில் அந்தக் கடையில் இல்லை. பின்னலை மாற்றலாம், மண்டையை மாற்ற முடியாது என்று கருநீலத்துக்கே போனோம்.

காலணியில் நான் தோற்றேன். பையன்கள் காலணியில் ஐந்தாம் நம்பர் நீளத்தில் கச்சிதமாக இருந்தது. நடந்து பார்க்கச் சொன்னேன், நன்றாக இருக்கிறது என்றாள். பந்து வீசுவதுபோல் நாலடி ஓடிவந்து முன்காலை ஊன்றச் சொன்னேன். குதிகால் உள்ளே எழும்பி எழும்பி இறங்கியது. விரல்கள் முன்னால் போய் இடித்தன. மித வேகம் வீசுகிறவளுக்கு அந்த ஒரு காலில்தான் உடல் எடையைப்போலப் பல மடங்கு இறங்குகிறது. பொதுவாகப் பெண்களின் பாதத்தில் முன்பகுதியோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுங்கியிருக்கும். அக்கறையுள்ள கம்பெனிகள் அதற்குத் தனி அச்சு வைத்துத் தைக்கின்றன. ஆண்கள் அச்சைச் சுருக்கித் தைத்தால் நீளம் குறையும், குதிகாலில் இடம் மிச்சமாகவே இருக்கும். லேடீஸ் அலமாரியில் ரப்பர் முள் வைத்த காலணி ஒரே ஒரு மாடல். பீச் நிற அடிப்பாகம், ரோஸ் நாடா. அதைப் போட்டுக்கொண்டு அதே நாலடி ஓடிவந்தாள், குதிகால் அசையவில்லை. பையன்களுக்கு ஏழு மாடல், ஏழு நிறம்; இவளுக்குப் பொருந்துகிற அச்சு ஒரே சாயத்தில் வருகிறது. வாங்காமல் என்ன செய்வது? அதற்காக லேடீஸ் என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். என்னுடையது அகன்ற பாதம். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் காலை நடைக்குப் பல வருடங்களாக ஆண்கள் காலணிதான் போடுகிறேன். பெண்கள் காலணியில் சுண்டுவிரல் கதறும்.

வெள்ளை பேண்ட்டில் இரண்டு பக்கமும் தேறவில்லை. ஆண்கள் ஸ்மால் இடுப்பில் நின்றது, தொடையில் பிடித்தது, நடுவில் தொங்கியது. லேடீஸ் பேண்ட் பொருந்தியது. ஆனால் துணி அவ்வளவு மெல்லிசு, உள்ளே விட்ட என் கை தெரிந்தது. பக்கவாட்டில் பை இருக்க வேண்டிய இடத்தில் பை மாதிரி ஒரு தையல் மட்டும். லோக்கலில் போகிற பெண் சீசன் பாஸை எங்கே வைப்பாள்? இந்தியப் பெண்கள் அணிக்கே ஒரு காலத்தில் ஆண்கள் சீருடையை வெட்டித் தைத்துக் கொடுத்ததாக, கிரிக்கெட் வாரியத்தை நடத்த உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவின் தலைவராக இருந்த வினோத் ராய் 2022இல் சொன்னார். தேசிய அணிக்கே அந்தக் கதி என்றால் மாட்டுங்காப் பெண்ணுக்கு யார் அளவெடுக்கப் போகிறார்கள்?

வெள்ளைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களை நினைத்துத்தான் விம்பிள்டன் 2023இல் உள்ளே அடர்நிறக் கால்சட்டை அணிய அனுமதித்தது. இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியும் அதே ஆண்டு வெள்ளை அரைக்கால் சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது. எங்கள் பயிற்சியாளர் வெள்ளையை விட மாட்டார். எனவே கடையில் பேண்ட் வாங்கவே இல்லை. கெட்டித் துணி எடுத்து எங்கள் தெருத் தையல்காரரிடம் கொடுத்தாயிற்று: ஆழமாக இரண்டு பை, உள்ளே போடக் கருநீலத்தில் ஒரு அரைக்கால் சட்டை. தையல் கூலியோடு சேர்த்தும் லேடீஸ் பேண்ட் விலையைத் தாண்டவில்லை.

கடைசியாக, “லேடீஸ் கார்டு இருக்கிறதா?” என்று கேட்டேன், பந்து பட்டுவிடாமல் அடிவயிற்றுக்குக் கீழே கட்டிக்கொள்ளும் காப்பு. கேட்டது நான், கடைப் பையன் பதிலை அண்ணனிடம் சொன்னான். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். அந்த அலமாரியில் அது இல்லை. முதலாளியே எழுந்து, கல்லாவுக்குக் கீழே குனிந்து, பழைய அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்தார். வெள்ளை பிளாஸ்டிக், ஓரத்தில் பஞ்சுப் பட்டி, எலாஸ்டிக் வார். பையன்களுடையது கிண்ணம்போல் புடைத்திருக்கும். இது தட்டையாக, முக்கோணமாக இருந்தது. ஒன்றுக்கு மற்றது உதவாது. மட்டைக்குப் பூப் போட்டவர்கள், பெண் உடம்பைப் பார்த்தே செய்த இந்தப் பொருளை இருட்டில் வைத்திருந்தார்கள். டிராக் பேண்ட்டின் மேலேயே கட்டிக்கொண்டு, மட்டை பிடிக்கிற நிலையில் குனிந்து நிமிர்ந்து பார்த்தாள். மீடியம் அழுத்தியது, ஸ்மால் சரியாக இருந்தது.

முதலாளி அதை மராத்திப் பேப்பரில் சுற்றத் தொடங்கினார், மருந்துக்கடையில் நாப்கினுக்குப் போடுகிற அதே மடிப்பு. “பேப்பர் வேண்டாம் அங்கிள்” என்று அவர் கையிலிருந்து அவள் வாங்கி ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். அவர் மட்டையை எடுத்து, கைப்பிடிக்கு என்ன நிறத்தில் ரப்பர் உறை போடட்டும் என்று முதல்முறையாக அவளிடமே கேட்டார். என்னை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“ரோஸ்” என்றாள்.