ஹில்வியூ முதல் பியூட்டி வோர்ல்டு வரை: புக்கிட் தீமா குன்றுப் பாதை எப்படி?

சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றுக்கு வரும் பலரும் பியூட்டி வோர்ல்டு ரயில் நிலையத்தில் இறங்கி, தார்ச்சாலை வழியே உச்சிக்கு ஏறி, 163.63 மீட்டர் என்று பொறித்த பாறையருகே படம் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்தில் பார்க்க மிகக் குறைவாக இருப்பது அந்த உச்சியில்தான். சுற்றிலும் மரங்கள் மறைப்பதால் தூரக் காட்சி அதிகமில்லை. குன்றுகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். ஹில்வியூவில் தொடங்குங்கள், கல்லுடைத்த குழியை முதலில் பாருங்கள், உச்சியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் பாதையில் ஏறினால் ரயில் மாறாமலே வந்துவிடலாம். கட்டணம் எதுவும் கிடையாது. நின்று நிதானித்து நடக்க நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஹில்வியூவிலிருந்து டைரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்குப் பலகைகளைப் பார்த்து நடந்து, சிங்கப்பூர் குவாரியின் பார்வை மேடைக்கு வாருங்கள். இந்தப் பாதையில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான். வெட்டப்பட்ட பாறைச் சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். கீழே சாம்பல் நிறக் கருங்கல். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, டிரையாசிக் காலத்தில், நிலத்தடியில் மெல்ல ஆறி இறுகிய பாறைக்குழம்பு அது. மெல்ல ஆறியதால்தான் அதன் மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை: கண்ணாடிபோல் மின்னுவது குவார்ட்ஸ், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருப்பது ஃபெல்ட்ஸ்பார், கறுப்புப் பொட்டுகள் பயோட்டைட்டும் ஹார்ன்பிளெண்டும். மேலே போகப் போகக் கல் மண்ணாகிறது. வெப்பமும் மழையும் ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகின்றன, இரும்பு துருவேறிச் சிவக்கிறது, கரையாத குவார்ட்ஸ் மணலாக மிஞ்சுகிறது. விரிசல்கள் வழியே நீர் இறங்குவதால் கல்லின் மூலைகள் முதலில் தேய்கின்றன. காட்டுக்குள் ஆங்காங்கே கிடக்கும் உருண்டைப் பாறைகள் அப்படித் தேய்ந்து மிஞ்சியவைதான், எங்கிருந்தோ உருண்டு வந்தவை அல்ல.

இங்கே ஒரு திருத்தம். புக்கிட் கோம்பாக்கின் லிட்டில் குய்லின் என்னும் பழைய குவாரிக் குளத்தின் பாறையையும் இதே கருங்கல் என்றே பலர் எழுதுகிறார்கள். அங்குள்ள பாறை வேறு: கோம்பாக் நோரைட் எனப்படும், நிறம் கருத்த, எடை கூடிய பாறை.

நகரத்தின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் ஜல்லி கொடுத்தவை இந்தக் குன்றுகள். கடந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கே கல்லுடைப்பு நின்றது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டியதால் குழிகள் தாமாகவே நிறைந்து குளங்களாயின. அழகாக இருக்கிறது என்பதற்காக வேலியைத் தாண்டாதீர்கள். கரை சரிவாக இல்லாமல் செங்குத்தாக இறங்குவதால் விழுந்தால் கால் ஊன்ற இடமிருக்காது, மழைக்குப் பிறகு சுவரிலிருந்து கல் பெயர்வதும் உண்டு.

டைரி ஃபார்ம் பூங்காவின் வாலஸ் பாதை இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் பெயரைத் தாங்குகிறது. 1854இல் இந்தக் குன்றுப் பகுதியில் இரண்டே மாதங்களில் ஏறக்குறைய 700 வண்டு இனங்களைச் சேகரித்தவர் அவர். பழைய மாட்டுத் தொழுவமே இப்போது வாலஸ் கல்வி நிலையம். சிறு பிள்ளைகளுடன் வருவோர் இந்தப் பகுதியோடு நிறுத்திக்கொண்டாலும் நிறைவாகவே இருக்கும்.

அடுத்து, டைரி ஃபார்ம் பக்கமிருந்து புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்குள் ஏறும் பாதை. இங்கே காடு மாறுவதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் மெலிந்த, உயரம் குறைந்த, இடைவெளிவிட்டு நிற்கும் மரங்கள்: மனிதர் அழித்த பிறகு வளர்ந்த காடு. 19ஆம் நூற்றாண்டில் இத்தீவின் காடுகளைத் தோல் பதனிடப் பயன்பட்ட காம்பியர் செடியும் மிளகும் தின்றன. காம்பியர் இலையைக் கொதிக்க வைக்க ஓயாமல் விறகு வேண்டும், ஆகவே தோட்டத்துக்கு வெட்டியது போதாமல் அடுப்புக்கும் காடு போனது. 15, 20 ஆண்டுகளில் மண் களைத்ததும் அதை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். சத்திழந்து, அமிலத்தன்மை ஏறிப்போன அந்த மண்ணில் தியூப் தியூப் போன்ற மரங்களே தாக்குப்பிடித்தன.

மேலே செராயா மரங்கள் வரும்போது வேறுபாடு உடனே புரியும். தூரத்திலிருந்து பார்த்தால் அவற்றின் தலை சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். இவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை காய்த்தாலும் விதை நெடுநாள் உயிரோடு கிடக்காது, இறக்கை இருந்தும் வெகுதூரம் பறக்காது. அதனால்தான் வெட்டிய இடத்துக்குச் செராயா தானாகத் திரும்ப வருவது அரிது. 1883இல் இந்தக் குன்றைக் காப்புக்காடாக ஒதுக்கியிராவிட்டால் இன்று நாம் அண்ணாந்து பார்க்க இவை இருந்திருக்காது. 163 ஹெக்டர் மட்டுமே உள்ள காடு இது. 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை இதை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்தது. 2013இல் முடிந்த 62 மீட்டர் நீள விலங்குப் பாலம் அந்த வெட்டுக்குப் போட்ட தையல். எறும்புத்தின்னி போன்றவற்றுக்கான பாலம் அது, நடைப்பயணிகளுக்கு அல்ல.

பலகைப் பாதையிலும் படிகளிலும் மட்டுமே நடங்கள். சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஒதுங்கும் ஒவ்வொரு காலும் இலைச்சருகை விலக்கி மண்ணை இறுக்குகிறது, மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடி மண்ணை அரிக்கிறது, வேர் வெளியே வருகிறது. இப்படித் தேய்ந்த பாதைகளையும் சரிவுகளையும் செப்பனிடவே 2014 முதல் 2016 வரை வனப்பகுதியை மூட வேண்டியிருந்தது. ஓடைகளில் கை, கால், காலணி எதையும் கழுவாதீர்கள். உலகில் சிங்கப்பூரில் மட்டுமே வாழும் நன்னீர் நண்டு, ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ், இந்தச் சிறு ஓடைகளை நம்பித்தான் பிழைக்கிறது.

வனப்பகுதியைக் காலை 7 மணிக்கே திறந்துவிடுகிறார்கள், மாலை 7 மணிக்கு மூடல். ஏழரைக்குள் தொடங்கினால் பிற்பகல் இடிமழைக்கு முன் இறங்கிவிடலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். அடிப்பகுதி வழவழத்த காலணி ஆகாது: ஈரக் களிமண்ணில் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். பை என்றால் உணவு என்று குரங்குகள் பழகிவிட்டன, பிடுங்கிவிடும். உணவு கொடுத்தால் முதல்முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். உச்சியிலிருந்து இறங்கும் தார்ச்சாலை செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்கள் குறுக்காக வளைந்து வளைந்து இறங்கட்டும், அல்லது டைரி ஃபார்மோடு திரும்பட்டும். இறங்கியதும், கால் தாங்கினால், ஹிந்தீட் குவாரியையும் எட்டிப் பாருங்கள். காலையில் பார்த்த அதே கருங்கல்தான், ஆனால் இப்போது அதன் மேல் நிற்கும் காட்டையும் சேர்த்துப் பார்ப்பீர்கள்.