எட்ஜ் எச்டி டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் ரெட்யூசர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என்னிடம் இருப்பது செலஸ்ட்ரான் எட்ஜ் எச்டி 8 இஞ்ச். குவியத் தூரம் 2032 மி.மீ., எஃப்/10 (அதாவது விட்டத்தைப் போல் பத்து மடங்கு; இந்த எண் கூடினால் எக்ஸ்போஷரும் கூடும்). கிரகங்களுக்கு அருமையான டெலஸ்கோப், ஆனால் நெபுலா எடுக்க உட்கார்ந்தால் ஒரு ஃபிரேமுக்கே பொறுமை போய்விடும். ரெட்யூசர் (குவியத் தூரத்தைக் குறைக்கும் லென்ஸ்) போட்டால் படப்பரப்பும் விரியும், எக்ஸ்போஷரும் குறையும் என்று ஒரு ஆன்லைன் கடைக்கு போன் செய்தேன். மாடலைத் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். "எட்டு இஞ்ச்னா எல்லாத்துக்கும் 0.63 தான் சார், கண்ண மூடிட்டு வாங்குங்க" என்றார் கடைக்காரர். குவியத் தூரத்தை 0.63 மடங்காக்கும் ரெட்யூசரைத்தான் சொன்னார். நானும் கண்ணை மூடிக்கொண்டு பதினெட்டாயிரம் அனுப்பினேன்.

வந்த பெட்டியில் டேப் இரண்டு முறை ஒட்டியிருந்தது. உள்ளே மரையில் கீறல், பின்பக்கக் கண்ணாடியில் ஒரு முழுக் கட்டைவிரல் ரேகை. யாரோ திருப்பி அனுப்பியது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது, ஜவ்வாது மலைக்கு வண்டி பேசியாகிவிட்டது, துடைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி நன்றாகத்தான் வந்தது. ஓரத்தில் ஒரு நட்சத்திரம்கூட உருண்டையாக இல்லை, மூலைக்குப் போகப் போக எல்லாம் இழுபட்டுக் கிடந்தன. பேக்ஃபோகஸ், அதாவது ரெட்யூசருக்கும் கேமரா சென்சாருக்கும் உள்ள தூரம், தப்போ என்று டார்ச் வெளிச்சத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன்: டி-அடாப்டர் (கேமராவை மாட்டும் குழாய்) 50, டி-ரிங்கோடு (இணைப்பு வளையம்) கேமரா 55, கூட்டினால் இந்த ரெட்யூசருக்கு வேண்டிய அதே 105 மி.மீ. ஸ்பேசர் வளையம் கூட்டிப் பார்த்தும் பலனில்லை, அந்த இரவு அதிலேயே போனது.

விஷயம் இதுதான். 0.63 எட்ஜ் அல்லாத சாதாரண ஷ்மிட்-காசெக்ரெய்ன் (எஸ்சிடி) டெலஸ்கோப்புக்குச் செய்தது. அதன் வளைந்த குவியத் தளத்தை (பிம்பம் விழும் பரப்பை) தட்டையாக்குவதும் இதன் வேலை. எட்ஜில் அதற்கான லென்ஸ் உள்குழாயிலேயே இருக்கிறது. சரியாக இருந்ததை இது இன்னொரு தடவை திருத்தப்போய்க் கெடுத்துவிட்டது. மரை மட்டும் கச்சிதமாகப் பொருந்தும், அதுதான் வம்பு. எட்ஜுக்கு வேண்டியது அதற்கென்றே உள்ள 0.7 ரெட்யூசர்; அதைப் போட்டால் என் டெலஸ்கோப் 1422 மி.மீ., எஃப்/7 ஆகும். அதிலும் 8 இஞ்ச், 11 இஞ்ச் என்று அளவுக்கு அளவு வேறு.

கடையில் கேட்டால் முதலில் கொலிமேஷன் (டெலஸ்கோப் கண்ணாடிகளின் நேர்வரிசை) சரியில்லை என்றார்கள். ரெட்யூசரைக் கழற்றிவிட்டு எடுத்த படத்தில் மூலை வரை நட்சத்திரம் பொட்டு வைத்த மாதிரி இருந்தது, அதை அனுப்பினேன். உடனே பேச்சு மாறியது: பெட்டி திறந்தாச்சு, ரிட்டர்ன் கிடையாது. அப்படியென்றால் எனக்கு வந்தது யார் திறந்த பெட்டி என்று கேட்டேன், அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை.

போனில் சொன்னதற்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. நீங்கள் பணம் கட்டும் முன் டெலஸ்கோப் மாடலைக் குறிப்பிட்டு "இதற்கு இது பொருந்துமா" என்று மெயிலிலோ வாட்ஸாப்பிலோ எழுதிக் கேட்டு, பதிலும் எழுத்தில் வந்த பிறகு அனுப்புங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்துவிடுங்கள்.

அந்த 0.63 என் அலமாரியில் கிடக்கிறது. சாதாரண 8 இஞ்ச் எஸ்சிடி வைத்திருப்பவர் யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன். கீறல் இருக்கிறது, ரேகை இல்லை.