1537 தார்த்தாலியா முதல் பதிப்பு என்று விற்கிறார்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

பழைய கணிதப் புத்தகங்கள் சேர்க்கிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் நிக்கோலோ தார்த்தாலியாவின் 'நோவா சியென்டியா', வெனிஸ் 1537, முதல் பதிப்பு, முழுமையான பிரதி என்று ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்த ஒரு பழம்புத்தக வியாபாரியிடம் வாங்கினேன். வந்தது முதல் பதிப்பே இல்லை. பிந்தைய பதிப்பின் உள்பக்கங்களுக்கு முன்னால் 1537 என்று அச்சடித்த போலித் தலைப்புப் பக்கத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

இந்தப் புத்தகத்தை ஏன் இவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்றால், பீரங்கிக் குண்டு போகும் பாதையைக் கணிதத்தால் விளக்கப் பார்த்த முன்னோடி நூல் இது. குழாயை 45 பாகை உயர்த்தினால்தான் குண்டு மிக அதிக தூரம் போகும் என்று இதில் எழுதியிருக்கிறார். குண்டு நேராகப் போய், வட்ட வில்லாக வளைந்து, அப்புறம் செங்குத்தாக விழும் என்று அவர் போட்ட பாதை சரியில்லைதான், ஆனால் கலிலியோவுக்கு நூறு ஆண்டு முன்னால் அந்தக் கேள்வியைக் கணக்காக்கியதே பெரிய காரியம். மூன்றாம் பகுதி நடைமுறை வடிவியல், கிட்டப் போகமுடியாத கோபுரத்தின் உயரத்தையும் தூரத்தையும் கருவி வைத்து அளக்கும் முறைகள்.

அந்த மூன்றாம் பகுதிதான் குட்டை உடைத்தது. 1550 பதிப்பில் தார்த்தாலியா அதற்கு ஒரு சேர்க்கை எழுதினார், அந்தப் பதிப்பின் தலைப்பிலேயே அது குறிப்பிடப்பட்டிருக்கும். எனக்கு வந்த பிரதியில் அந்தச் சேர்க்கை அப்படியே இருக்கிறது! 1537-ல் அச்சானது என்றால் அது எப்படி உள்ளே வரும்?

சந்தேகம் வந்ததும் தலைப்புப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தாளை இரண்டு முறை மடித்துச் செய்த இந்த அளவுப் புத்தகத்தில், தாள் செய்த சட்டத்தின் கம்பிகள் பதித்த, அகல இடைவெளி விட்ட கோடுகள் படுக்கையாக ஓடவேண்டும். உள்பக்கங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான், தலைப்புப் பக்கத்தில் மட்டும் நெடுக்காக ஓடுகின்றன. இரண்டாவது இலையிலிருந்து தொடங்கும் பூச்சித் துளையும் தலைப்புப் பக்கத்தில் இல்லை. யூக்ளிட் வாசலில் நிற்கும் அந்த அழகான மரச்செதுக்குப் படத்தின் பின்பக்கத்தைத் தடவினால் அச்சு அழுத்திய தடமே கிடையாது, வழவழவென்று இருக்கிறது. அச்சிட்ட ஆண்டு இருந்திருக்கவேண்டிய கடைசி இலையையும் காணோம், ஆனால் விளம்பரத்தில் 'முழுமையானது' என்றுதான் போட்டிருந்தார்.

கேட்டதற்கு, 'இது போன நூற்றாண்டிலேயே சரிசெய்த பிரதி, எனக்கு எதுவும் தெரியாது' என்றார். தெரியாதவர் கடைசிப் பக்கத்தின் படம் கேட்டபோதெல்லாம் அதை விட்டுவிட்டு மற்ற பக்கங்களின் படங்களை மட்டும் ஏன் அனுப்பினார்? கலிலியோவின் 'சிடேரியஸ் நுன்சியஸ்' பிரதி ஒன்று நிபுணர்கள் அசல் என்று சொன்ன பிறகு, 2012-ல் வரலாற்றாளர் நிக் வைல்டிங் அது போலி என்று காட்டினார். அதனால் வியாபாரியின் சான்றிதழை மட்டும் நம்பி யாரும் இறங்கவேண்டாம். பெரிய நூலகங்கள் இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் பிரதியோடு இலை இலையாக ஒப்பிட்டுப் பாருங்கள், அதற்குத் தேவையான படங்களைப் பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

பாதிப் பணம் தருகிறேன், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன், கார்டு வங்கியில் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கிறது. இதற்கு நடுவில் அதே ஆள் தார்த்தாலியாவின் 1546 'குவெசிதி' நூலையும் 'முழுமையான முதல் பதிப்பு' என்று விற்பனைக்குப் போட்டிருக்கிறார், அதிலும் கடைசிப் பக்கத்தின் படம் இல்லை. யாராவது அதற்கு விலை பேசிக்கொண்டிருந்தால் முதலில் அந்தப் படத்தைக் கேளுங்கள்.