குரோக்கரும் காக்ரனும்: ஒரே ஏணி, இரண்டு திசை

இருவரும் அயர்லாந்தில் பிறந்தவர்கள். நியூயார்க் ஜனநாயகக் கட்சியின் கோட்டையான டாமனி ஹால் என்ற அமைப்புதான் இருவரையும் தூக்கிவிட்டது.

ரிச்சர்ட் குரோக்கர் சிறுவயதிலேயே குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். தெருச்சண்டையில் பெயரெடுத்து, 1886-இல் டாமனியின் தலைவரானார். மேயர் நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. யார் உட்காருவது என்று முடிவுசெய்தவர் அவர். 1897 தேர்தலில் வான் விக் மேயராக வென்றதும் அவர் கைங்கரியம்தான். நகர நிர்வாக ஊழல் பற்றிய 1899 விசாரணையில், "சொந்தப் பைக்காகத்தானே உழைக்கிறீர்கள்?" என்று மடக்கினார்கள். "எப்போதும், உங்களைப் போலவே" என்றார் மனிதர், கொஞ்சமும் அசராமல்! 1901 தோல்விக்குப் பின் பதவியை விட்டார். 1907-இல் அவருடைய குதிரை ஆர்பி, இங்கிலாந்தின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான எப்சம் டெர்பியை வென்றது.

போர்க் காக்ரன் 17 வயதில் வந்தார். வழக்கறிஞர், நாக்குதான் மூலதனம். 1896-இல் வெள்ளியையும் தாராளமாக நாணயமாக்கும் கொள்கை பிடிக்காமல், சொந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பிரையனைக் கைவிட்டு, குடியரசுக் கட்சியின் மெக்கின்லியை ஆதரித்தார். 1900-இல் அமெரிக்காவின் பிலிப்பைன்ஸ் ஆக்கிரமிப்பை எதிர்த்து மறுபடி பிரையன் பக்கம். கட்சித்தாவல் என்று தோன்றலாம். எனக்கென்னவோ இரண்டிலும் கொள்கைதான் தெரிகிறது. 1895-இல் அவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிய இளம் சர்ச்சில், பேச்சுக்கலையில் அவரையே முன்மாதிரியாகச் சொன்னார்.

நகரத்தில் வேலை வேண்டுமென்றால் குரோக்கரின் ஆட்களைத்தான் பார்க்கவேண்டும். காக்ரன் பேச்சுக்கு அந்தப் பலன் கிடையாது. ஆனாலும் 1923-இல் இறக்கும்போதும் அவர் காங்கிரஸ் உறுப்பினர்.