பள்ளியை ஒட்டிய வீடா, அலுவலகத்தை ஒட்டிய வீடா?

மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்று இரவே வீட்டில் இரண்டு கேள்விகள் எழுந்துவிடும். எந்தப் பகுதியில் குடியேறுவது? பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? முதல் கேள்வியை ஒருவர் எடுத்துக்கொள்ள, இரண்டாவதை மற்றவர் எடுத்துக்கொண்டு தனித்தனியாகத் தேடத் தொடங்குவது வழக்கம். முதல் முறை ஊர் மாறியபோது நாங்களும் அப்படித்தான் செய்தோம். வீடு நன்றாக அமைந்தது. பள்ளியும் நன்றாக அமைந்தது. இரண்டுக்கும் நடுவில் 50 நிமிடப் பயணம் இருந்தது. மகளுக்கு அப்போது 7 வயது. மாலையில் பஸ்ஸிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது. விளையாடவோ பேசவோ அவளிடம் தெம்பு இருக்காது.

இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஊர் மாற வேண்டி வந்தது. இந்த முறை வீடு, பள்ளி, அலுவலகம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் குறித்துவிட்டுத் தேடினோம். எங்கள் முன் மூன்று வகைப் பகுதிகள் இருந்தன. எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய இதே மூன்றுதான் எதிரில் வரும் என்று நினைக்கிறேன். பெயர் பெற்ற பள்ளியைச் சுற்றியுள்ள பகுதி ஒன்று. அலுவலகத்துக்குப் பக்கத்தில், நடந்து போகும் தூரத்தில் சுமாரான பெயருடைய பள்ளி இருக்கும் பகுதி மற்றொன்று. நகரத்தின் விளிம்பில் பெரிய வீடு கிடைக்கும் பகுதி மூன்றாவது.

பெயர் பெற்ற பள்ளியின் பக்கம்

இங்கே வீடு தேடுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, பள்ளியின் விலை வாடகைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்பது. வசிப்பிடத்தை வைத்துச் சேர்க்கை தரும் ஊர்களில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பொருளாதார அறிஞர் சாண்ட்ரா பிளாக் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி எல்லைக் கோட்டின் இரு பக்கமும் அடுத்தடுத்து நிற்கும் வீடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். அக்கம்பக்கம் ஒன்றுதான், பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால், அதற்காகப் பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 1966-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வறிக்கை, மாணவர்களின் மதிப்பெண் வேறுபாட்டைப் பள்ளியின் கட்டடத்தையும் நிதியையும் விடக் குடும்பப் பின்னணியே அதிகம் விளக்குகிறது என்று சொன்னது. அப்படியானால் தரவரிசையில் மேலே நிற்கும் பள்ளியின் மதிப்பெண்ணில் ஒரு பங்கு, அங்கே பிள்ளைகளை அனுப்பும் வீடுகளுக்கு உரியது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை வடிகட்டிச் சேர்த்துக்கொண்டு நன்றாகத் தேர்ச்சி காட்டும் பள்ளியையும், பின்தங்கி வருகிற பிள்ளையைக் கைதூக்கிவிடும் பள்ளியையும் தேர்ச்சி விகிதம் பிரித்துக் காட்டாது. இங்கிலாந்தில் 2016 முதல் ‘புரோகிரஸ் 8’ என்றொரு அளவீட்டைப் பயன்படுத்தியதற்குக் காரணமே இதுதான். தொடக்கப் பள்ளி முடிவில் ஒரே நிலையில் இருந்த மாணவர்கள் 16 வயதில் எங்கே வந்து சேர்கிறார்கள் என்பதை அது ஒப்பிட்டது. நம் ஊரில் அப்படி ஓர் அளவீடு இல்லாவிட்டாலும், தலைமையாசிரியரிடம் அதே கேள்வியைக் கேட்கலாம்: “பின்தங்கி வருகிற பிள்ளைக்கு இங்கே என்ன செய்கிறீர்கள்?” பதிலில் ஆட்களும் நேரமும் முறையும் வந்தால் நம்பிக்கை பிறக்கும். பொதுவான உறுதிமொழி மட்டும் வந்தால் நான் தயங்குவேன்.

இந்தப் பகுதியே வெல்லும் இடங்களும் உண்டு. இறுதித் தேர்வுக்கு இரண்டே ஆண்டு இருக்கும் பிள்ளை, படித்துவரும் பாடத்திட்டம் வேறெங்கும் கிடைக்காத நிலை, சிறப்பு உதவி தேவைப்படும் குழந்தைக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் அந்தப் பள்ளியில் மட்டும் இருப்பது. இப்படிப்பட்ட நிலையில் வாடகையையும் பயணத்தையும் பொறுத்துக்கொள்வதே சரி.

அலுவலகத்தின் பக்கம்

இதன் பலம் நேரம். இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதிய கட்டுரையில், எந்தக் காலத்திலும் மனிதர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தையே பயணத்துக்குச் செலவிட்டுவந்திருக்கிறார்கள் என்று வாதிட்டார். வண்டியின் வேகம் கூடக் கூட ஊரின் அகலம்தான் கூடியது. அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு நிமிடமும் தூக்கத்திலிருந்தோ பிள்ளையோடு இருக்கும் நேரத்திலிருந்தோதான் எடுக்கப்படுகிறது. பெரிய வீடும் நல்ல சம்பளமும் அதை ஈடுசெய்துவிடும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். பொருளாதார அறிஞர்கள் அலோயிஸ் ஸ்டுட்சரும் புருனோ ஃப்ரையும் ஜெர்மனியின் குடும்பங்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவு வேறு: நீண்ட நேரம் பயணம் செய்து வேலைக்குப் போய் வருகிறவர்கள் தங்கள் வாழ்வில் குறைவான நிறைவையே சொன்னார்கள். ஈடு கிடைக்கவில்லை.

பலவீனங்களும் சிறியவை அல்ல. அலுவலகம் நாளைக்கே இடம் மாறலாம். வேலைக் கட்டடங்கள் நிறைந்த பகுதி மாலை ஏழு மணிக்கு வெறிச்சோடிப் போகலாம். பிள்ளைகளுக்குச் சேர்ந்து விளையாட ஒருவரும் இருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் விட, இரைச்சல்.

இரைச்சலை நாம் சங்கடம் என்ற அளவில் நினைத்துக் கடந்துவிடுகிறோம். உளவியலாளர் ஆர்லைன் பிரான்சாஃப்ட் 1975-இல் நியூயார்க்கில் ஒரு தொடக்கப் பள்ளியை ஆராய்ந்தார். பள்ளிக்குப் பக்கத்திலேயே மேல்மட்ட ரயில் பாதை. தண்டவாளத்தைப் பார்த்த வகுப்பறைகளில் படித்த குழந்தைகள், அதே பள்ளியின் மறுபக்கத்தில் அமைதியான அறைகளில் படித்தவர்களை விட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஓராண்டு அளவுக்கு இருந்தது. பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வைக்கப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981-இல் வெளியான அடுத்த ஆய்வில் இரு பக்கத்துக்கும் வேறுபாடே இல்லை. இதைப் படித்த பிறகு, எந்தப் பள்ளியைப் பார்க்கப் போனாலும் வேலை நாளில், பாடம் நடக்கும் நேரத்தில், வகுப்பறைக்குள் ஒரு நிமிடம் பேசாமல் நிற்க அனுமதி கேட்கிறேன்.

வீடு இருக்கும் தெருவுக்கும் இது பொருந்தும். நகர வடிவமைப்பாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1960-களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். போக்குவரத்து குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். வண்டிகள் நெரியும் தெருவில் 0.9 பேர். புது ஊரில் யாரையும் தெரியாமல் வந்து இறங்கும் குடும்பத்துக்கு இந்த எண் எவ்வளவு முக்கியம் என்பதை, முதல் வாரத்தில் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் தெரியும்.

விளிம்பில் பெரிய வீடு

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆளுக்கோர் அறை, மரங்கள், குறைந்த வாடகை எல்லாம் உண்மை. சின்னக் குழந்தைகள் மட்டும் உள்ள, வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெற்றோருக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் பிள்ளைக்கு 12, 13 வயது ஆனதும் நூலகத்துக்கும் நண்பன் வீட்டுக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் பெற்றோரின் வண்டியை எதிர்பார்த்து நிற்க வேண்டும். பள்ளி வண்டி விடியலிலேயே வாசலுக்கு வந்துவிடும். வளரிளம் பருவத்தினரின் தூக்கத்தைக் கருதி நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2014-இல் பரிந்துரைத்தது. தூரத்து வீடு அந்தப் பரிந்துரையின் பயனையே அழித்துவிடும்.

வயதை வைத்து எடைபோடுவது

மூன்றில் எது என்று முடிவுசெய்ய எனக்கு அதிகம் உதவியது பிள்ளைகளின் வயது. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், மிக வறிய குடியிருப்புகளில் வாழ்ந்த சுமார் 4,600 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கிடைத்தது. பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, நதானியேல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, 13 வயதுக்கு முன் அப்படி இடம் மாறிய குழந்தைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சிறிது இழப்பே தென்பட்டது. அவர்கள் நிலை வேறு, நம் நிலை வேறு. அந்த 31-ஐ நம் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் இளைய பிள்ளைக்கு அக்கம்பக்கத்தையும், மூத்த பிள்ளைக்குப் படிப்பின் தொடர்ச்சியையும் முன்னே வைக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அதிலிருந்துதான் உறுதியானது.

எங்கள் வீட்டில் அப்போது மகளுக்கு 9, மகனுக்கு 14. ஒருவருக்கு ஏற்றது மற்றவருக்கு ஏற்றதாக இல்லை. மகனின் பாடத்திட்டம் முதல் பகுதியில் இருந்த பள்ளியில் மட்டும் கிடைத்தது. கடைசியில் இரண்டாவது பகுதியில் குடியேறினோம். மகள் நடந்து போனாள்; மகன் 25 நிமிடம் ரயிலில் தனியாகப் போய் வந்தான். அவனிடம் கேட்டுத்தான் இப்படி முடிவுசெய்தோம். வீடு சிறியது. அவனுக்குத் தனி அறை கிடைக்கவில்லை. அது அவனுக்கு வருத்தம்தான், எங்களுக்கும்தான்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பார்த்த வீட்டைக் காட்டிய தரகர், அந்தத் தெரு பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள் வருகிறது என்று உறுதியாகச் சொன்னார். முன்பணம் கொடுத்த பிறகு பள்ளி அலுவலகத்தில் கேட்டோம். எல்லை எதிர்ச் சாரியோடு முடிந்திருந்தது. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், வீட்டு எண்ணைச் சொல்லிப் பள்ளியிடமே நேரடியாகக் கேளுங்கள். அடுத்த ஆண்டு எல்லை மாறும் பேச்சு இருக்கிறதா என்றும், தம்பி தங்கைக்கு முன்னுரிமை உண்டா என்றும் கேளுங்கள். முதல் ஆண்டு வாடகைக்கு இருப்பதா, உடனே வாங்குவதா என்ற விவாதத்தில் நான் வாடகையின் பக்கம் நிற்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்து பார்த்த வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பள்ளி நேரத்தில், மகளைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்து பள்ளி வரை நடந்தோம். 14 நிமிடம். வழியில் சாலையைக் கடக்க வேண்டிய இடங்களை அவளையே எண்ணச் சொன்னேன். மூன்று என்றாள். மூன்றாவது இடத்தில் விளக்கும் இல்லை, நிறுத்த ஆளும் இல்லை. லாரிகள் வளைந்து திரும்பும் முனை. அந்த வீட்டை விட்டுவிட்டு, முனைக்குப் பள்ளி இருக்கும் பக்கமாக, இரண்டு தெரு தள்ளி வேறு வீடு பார்த்தோம்.