3,850 ரூபாய் போச்சு: டிரிப் டூல் கிட் விளம்பரத்தை நம்பிப் பணம் போடாதீங்க

முந்தாநாள் சாயங்காலம், சொட்டுநீர் (டிரிப்) குழாய் வேலைக்கான அந்த டூல் கிட்டை விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். போனது 3,850 ரூபாய். கோபம் ஆறாமல்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலையிலும் அதே விளம்பரம் என் போனில் ஓடுகிறது. கீழே யாரோ "ஆர்டர் பண்ணியாச்சு" என்று போட்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்களுக்குத் தாராபுரம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் 30 சென்ட் இருக்கிறது. எலுமிச்சை, முருங்கை, கொஞ்சம் வாழை, கடைசியில் நாலு வரிசை கத்தரி. எல்லாம் டிரிப்தான், சொட்டுநீர்ப் பாசனம். வெயில் ஏறினால் அணில் தண்ணீருக்காக லேட்ரலை (வரிசையோடு ஓடும் கறுப்புக் குழாய்) கடிக்கும். இந்த வருஷம் ரொம்ப மோசம், பதினைந்து இருபது இடத்தில் பீய்ச்சி அடித்தது. கடித்த இடத்தை வெட்டி ஜாயினர் போட வேண்டும், தண்ணீர் சொட்டும் டிரிப்பரில் உப்பு அடைத்திருந்தால் அதைப் பிடுங்கிப் பக்கத்தில் புது ஓட்டை போட வேண்டும், பழைய ஓட்டையை அடைக்க டம்மி செருக வேண்டும். ஃபிட்டர் அண்ணனுக்கு சீசன் வேலை, கூப்பிட்டால் பத்து நாள் ஆகும். நாமே செய்துகொள்ளலாம் என்றுதான் டூல் தேடினேன்.

வீடியோ ஆப் ஒன்றில் அந்த விளம்பரம் வந்தது. கறுப்புக் குழாயில் பஞ்ச் என்கிற ஓட்டை போடும் கருவியை வைத்து ஒரு அமுக்கு, ஓட்டை. டிரிப்பரை வைத்து இன்னொரு அமுக்கு, முடிந்தது. பஞ்ச், குழாய் கட்டர், ஃபிட்டிங் செருகும் பிளையர், ஜாயினர், T வடிவ ஜாயினர், எண்ட் கேப், டம்மி, 50 டிரிப்பர் எல்லாம் ஒரே பெட்டியில். விலை 4,050. வாட்ஸ்அப்பில் கேட்டேன்.

நான் ஏமாந்த இடம் இதுதான். அவன் உடனே விலை பேசவில்லை. "அண்ணா, உங்க லேட்ரல் 12 எம்எம்மா 16 எம்எம்மா? பார்த்துச் சொல்லுங்க, மாத்தி அனுப்பிட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றான். டிரிப்பர் மணிக்கு நாலு லிட்டரா எட்டு லிட்டரா என்றும் கேட்டான். தொழில் தெரியாதவன் இதைக் கேட்க மாட்டானே! அந்த ஒரு கேள்வியில் என் சந்தேகம் எல்லாம் போய்விட்டது. "முன்னாடியே போட்டுட்டா 200 கம்மி பண்ணித் தரேன்ணா" என்றான். ஸ்கேன் செய்தபோது கடைப் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு ஆளின் பெயர் வந்தது. பார்த்தேன். பார்த்தும் 3,850 ரூபாயைப் போட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. உள்ளே இருந்த ஜாயினர் எல்லாம் 4/7, 8/11 எம்எம் அளவு. மாடியில் தொட்டிச் செடிக்கு ஓட்டுகிற மெல்லிய குழாய்க்கானது. 16 எம்எம் லேட்ரலுக்குள் போட்டால் லொடலொடவென்று ஆடி, மோட்டார் போட்டதும் தெறித்து விழுகிறது. டிரிப்பர் பத்துகூடத் தேறவில்லை. சரி, பஞ்சாவது உதவும் என்று எடுத்தேன். அதுதான் பெரிய தப்பு.

அதன் முனை இரும்பே இல்லை, மேலே பூச்சு பூசிய பிளாஸ்டிக். நாலாவது ஓட்டையிலேயே மழுங்கிவிட்டது. இன்னும் அழுத்தினேன், இரண்டு இடத்தில் குழாயின் மறுபக்கமும் சேர்ந்து ஓட்டையானது. மொத்தம் 31 ஓட்டை போட்டிருந்தேன். தண்ணீர் விட்டதும் அத்தனை டிரிப்பரைச் சுற்றியும் கசிவு. வழியெல்லாம் ஒழுகினால் வரிசைக் கடைசிக்கு எங்கே அழுத்தம் போகும்? கத்தரி மூன்று நாளில் தலை தொங்கிவிட்டது.

ஃபிட்டர் அண்ணன் வந்து பார்த்து, தன் பையிலிருந்து பஞ்சை எடுத்து ஒரு ஓட்டை போட்டுக் காட்டினார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பொட்டு உள்ளங்கையில் விழுந்தது. "பஞ்ச் இப்படி வட்டமா அறுத்து எடுக்கோணுங்க. உங்களுது கிழிச்சிருக்குது. கிழிஞ்ச ஓட்டை டிரிப்பரைப் பிடிக்காது" என்றார். ஆணியைக் காய்ச்சி ஓட்டை போடுகிறவர்களுக்கும் இதே கதிதானாம், உருகின விளிம்பு சரியாக மூடாது. 40 மீட்டர் லேட்ரலை மாற்றச் சொல்லிவிட்டார். அந்தச் செலவு 3,850 போக, தனி.

அவனிடம் கேட்டேன். முதல் நாள், "போட்டோ அனுப்புங்கண்ணா, பார்க்கிறோம்." அனுப்பினேன். இரண்டாம் நாள், "பார்சல் பிரிக்கறப்போ வீடியோ எடுத்தீங்களா?" இல்லை என்றேன். "வீடியோ இல்லாம எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுண்ணா." 16 எம்எம் என்று அவனே எழுதிய மெசேஜை எடுத்து அவனுக்கே அனுப்பினேன். ஓனர் வெளியூர் போயிருக்கிறார் என்றான். நாலு நாள் கழித்து, பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றான். பயன்படுத்தாமல் அது கிழிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? விளம்பரத்துக்குக் கீழே நடந்ததை எழுதினேன், பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டார்கள். அப்புறம் ஒற்றை டிக்தான். 3,850 ரூபாய் அவர்களுக்குப் பெரிய காசாக இருக்காது. எங்கள் வீட்டில் அது ஒரு மாத மளிகை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். உங்கள் லேட்ரலில் ஒரு சாண் துண்டு வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, நேரில் டிரிப் கடைக்குப் போங்கள். பஞ்ச் முனை இரும்பா என்று தொட்டுப் பாருங்கள், அந்தத் துண்டிலேயே ஓட்டை போட்டு டிரிப்பரைச் செருகி இழுத்துப் பாருங்கள். ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால் முன்பணம் வேண்டாம், பார்சல் பிரிப்பதைக் கட்டாயம் வீடியோ எடுங்கள். விற்பவர் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அதிகாரி விவரம் போட வேண்டும் என்று 2020 மின் வணிக விதிகளே சொல்கின்றன. அந்த விளம்பரப் பக்கத்தில் ஒரு போன் நம்பரைத் தவிர எதுவும் இல்லை. பணம் கட்டிப் பொருளே வராமல் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். பொருள் மோசம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

நேற்று 1915-ல் சொல்லிவிட்டேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். ஏதாவது நடந்தால் இங்கேயே எழுதுகிறேன். அம்மா கத்தரிக்குக் குடத்தில் சுமந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார், போக வேண்டும்.