கடற்கரை நாய்க்கு 'விடு' பழக்கம்: பல வருட அனுபவம்

ராமேஸ்வரத்துக்கு அருகில் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் 'உட்கார்', 'கைகொடு' எல்லாம் பிறகு பழக்கிக்கொள்ளலாம். முதலில் 'விடு' வேண்டும், அதாவது கீழே கிடப்பதை வாயில் எடுக்காமல் விலகும் பழக்கம். எங்கள் செவலை, சிப்பிப்பாறைக் கலப்பு. குட்டியாக வந்த நாள் முதல் இன்றுவரை அவன் உயிரைக் காத்து வருவது இந்தப் பழக்கம்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

காரணம் பேத்தை மீன். வலையில் வரும் கழிசலோடு அதையும் மணலில் வீசிவிடுவார்கள். அதில் இருக்கும் டெட்ரோடோடாக்சின் நஞ்சு வெயிலில் காய்ந்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. தின்ற நாய்க்கு எச்சில் ஒழுகும், வாந்தி வரும், கால் துவளும், கடைசியில் மூச்சு விடும் தசைகளே செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். மீன் பிரிக்கும் அக்காக்கள் எங்களைக் கண்டாலே, "தம்பி, நாயை அங்கிட்டு விடாதப்பா, பேத்தை கெடக்கு" என்று குரல் கொடுப்பார்கள். அந்த அக்கறைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பேத்தை போதாதென்று திருக்கை முள், கெளுத்தி முள், இரையோடு அறுந்து கிடக்கும் தூண்டில் வேறு.

பழக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மூடிய கைக்குள் தீனியை வைத்து நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும், கையைத் திறக்காதீர்கள். மூக்கைப் பின்னுக்கு இழுத்த நொடியில் 'சபாஷ்' சொல்லி, மறு கையிலிருந்து வேறு தீனி கொடுங்கள். விட்ட பொருள் ஒருபோதும் கிடைக்காது, அதைவிட நல்லது நம் கையிலிருந்து வரும் என்பது அதன் மண்டையில் ஏற வேண்டும். இது பழகிய பிறகுதான் 'விடு' என்று சொல்லத் தொடங்க வேண்டும். அடுத்து தரையில் வைத்துக் காலால் மறைப்பது, பிறகு கயிற்றோடு அதைக் கடந்து நடப்பது, கடைசியாகத்தான் கரை. பரிசாகக் கருவாடு கொடுக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணலில் கிடப்பதும் பரிசும் ஒரே வாசனை அடித்தால் நாய் குழம்பும், உப்பும் கூடுதல். வேகவைத்த கோழி ஈரல் போதும்.

எதையாவது கவ்விவிட்டால் பிடுங்கப் பாயக் கூடாது. பாய்ந்தால் அவசரமாக விழுங்கிவிடும். அதற்காகவே 'கொடு' தனியாகப் பழக்கினோம்: ஈரலை மூக்கருகே காட்டினால் வாய் தானாகத் திறக்கும்.

கச்சான் என்னும் மேல்காற்றடிக்கும் மாதங்களில் எதிர்க்காற்றில் கத்தினால் குரல் போய்ச் சேராது. 'வா'வுக்கு விசிலும், 'நில்லு'வுக்கு உயர்த்திய கையும் வைத்திருக்கிறோம். தேசிய நெடுஞ்சாலை 87ஐக் கடக்கும்போது அந்தக் கைதான் உதவுகிறது.

கயிற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படகுக்கு வாங்கும் நைலான் கயிறே நீளக் கயிறாக நன்றாக உழைக்கிறது. இரும்புக் கொக்கி உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும், பித்தளைதான் சரி. கழுத்துப் பட்டையில் நீளக் கயிறு மாட்டாதீர்கள்; ஓடிப்போய்ச் சுண்டினால் கழுத்துக்கு அடி. சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், பட்டையை உருவிக்கொண்டும் போய்விடும். நெஞ்சுப்பட்டை வாங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும், ஓடும் ஆட்டுக்கு முன்னால் 'வா' தோற்றுத்தான் போகிறது. கண்ணால் பார்த்து விரட்டுவதற்கென்றே வளர்ந்த இனம், அதைக் குறை சொல்ல முடியாது. தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைக் கூட்டமும், பங்குனி ஆமை முட்டையிடும் மணலும் இருப்பதால் அங்கே கயிற்றை அவிழ்ப்பதே இல்லை. எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் அவிழ்க்க வேண்டாம் என்பேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நிற்பதால் கரையில் கழிசல் குறையும், நாயின் பழக்கமும் மந்தமாகும். படகுகள் மறுபடி கடலுக்குப் போகும் வாரத்தில்தான் ஆபத்து அதிகம். அதனால் ஜூன் பிறந்ததுமே மூடிய கையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கிவிடுகிறோம்.